பிள்ளைகளின் நியூமோனியாவும் நமது சங்கத்தின் கோரிக்கையும்



சம்பளத்தைப் பற்றி எழுதாமல் இந்த இதழில் ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிய வாரத்தில் தாய்க்கு எத்தனை நாள் பேர் போனது, ஆட்டோவுக்கு எவ்வளவு போனது, வார்டில் துணைக்கு இருந்தவருக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பிள்ளையின் மூச்சும் நமது சம்பளப் பிரச்சினைதான். அதைவிடப் பெரியதும்கூட. போன சம்பளத்தை அடுத்த மாதம் உழைத்து எடுக்கலாம். போன பிள்ளையை எடுக்க முடியாது.

மழைக்காலம் வந்தால் நமது வீடுகளில் வழமையான பேச்சு ஒன்று உண்டு. லயத்தில் "குளிர் ஒத்துக்கல, கண்ணு பட்டுருச்சு" என்பார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் "பனி பட்டுட்டு, நாவூறாக்கும்" என்பார்கள். பிள்ளை பிழைத்தால் சாமி புண்ணியம், பிழைக்காவிட்டால் விதி. இந்தப் பேச்சில் இரண்டு பேர் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒன்று, நோயைக் கொண்டு வரும் கிருமி. மற்றது, அந்தக் கிருமிக்கு வசதி செய்து கொடுக்கும் வீடும் புகையும் தூரமும். இந்த இதழில் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுகிறோம்.

நான் வவுணதீவில் பிறந்தவன். மலைநாட்டில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இந்தத் தலையங்கம் விடுமுறையில் ஊரில் இருந்து எழுதப்படுகிறது. வவுணதீவு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, படுவான்கரை. வயல் கூலி, மாடு மேய்ப்பு, வாவியில் மீன்பிடி, விறகு வெட்டு என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடும் ஊர்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்த நம் உறவுகள் பலரும் இந்த மாவட்டத்தில் வேர் விட்டிருக்கிறார்கள். இங்கே வெக்கை, அங்கே குளிர். இங்கே மாரி கார்த்திகை, மார்கழியில் கொட்டும், அங்கே வைகாசியில் தொடங்கும். ஆனாலும் நெஞ்சுச் சளியோடு தாயின் தோளில் கிடக்கும் பிள்ளை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆகவே குளிர்தான் காரணம் என்ற பேச்சு முழு உண்மையாக இருக்க முடியாது.

கிருமி எங்கே இருக்கிறது?

பிள்ளைகளின் நியூமோனியாவுக்குக் காரணமான கிருமிகள் பல. அவற்றில் வைரசுகளும் உண்டு, பாக்டீரியாக்களும் உண்டு. பாக்டீரியாக்களில் முன்னால் நிற்பது நியூமோகொக்கஸ். 1881ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்டேர்ன்பேர்க்கும் ஒருவரை ஒருவர் அறியாமல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கிருமி வெளியில் எங்கேயோ இருந்து வருவதில்லை. சிறு பிள்ளைகளின் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல் பகுதியில் குடியிருக்கிறது. வறிய நாடுகள் பலவற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் மூக்கில் இதைக் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களிடம் மிகவும் குறைவு. மூக்கில் இருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிள்ளை ஓடி விளையாடும், பால் குடிக்கும், சிரிக்கும். ஆனால் இருமும்போதும் தும்மும்போதும், ஒரே துவாயால் இரண்டு பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கும்போதும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அந்த அடுத்த பிள்ளை யார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, நிறை குறைந்து பிறந்த பிள்ளை, தாய்ப்பால் போதாத பிள்ளை, அடுப்புப் புகையில் வளரும் பிள்ளை, ஏற்கெனவே வைரஸ் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை. இவர்களின் உடம்பில் அந்தக் கிருமி மூக்கோடு நிற்காது. காதுக்குப் போனால் சீழ். நுரையீரலுக்குப் போனால் நியூமோனியா. இரத்தத்தில் கலந்தாலும் மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் போனாலும் உயிருக்கே ஆபத்து. மூளைச் சவ்வில் வந்து தப்பிய பிள்ளைகளிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகும், வலிப்பு மிஞ்சும், படிப்பு ஏறாது.

காதைப் பற்றி ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காதில் அடிக்கடி சீழ் வடியும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறையலாம். கடைசி வாங்கில் இருந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழிக்கும் பிள்ளைக்கு மூளை மந்தம் என்று முடிவு கட்டுமுன் காதைப் பாருங்கள். முன் வாங்குக்குக் கொண்டு வாருங்கள். தாயைக் கூப்பிட்டு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

இந்தக் கிருமியின் பலம் அதன் மேலுறை. கொழுந்தெடுக்கப் போகும் நம் பெண்கள் மழைக்குக் கம்பளி போடுவது போல, இது சீனிப் பொருளால் ஆன ஓர் உறையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அந்த உறை இருப்பதால் உடம்பின் காவல் அணுக்களால் இதை எளிதில் பிடித்து விழுங்க முடிவதில்லை. உறையின் வகையை வைத்து 100க்கு மேற்பட்ட இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கடும் நோய் தருபவை அவற்றில் ஒரு சிறு பகுதிதான். தடுப்பூசி செய்ய முடிந்ததும் அதனால்தான்.

உலக அளவில் 2000ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பிள்ளைகள் இந்த ஒரு கிருமியால் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2015இல் அது ஏறத்தாழ 2 இலட்சத்து 94 ஆயிரம். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. குறைந்ததற்குத் தடுப்பூசி ஒரு பெரிய காரணம். இன்னும் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மை வறியவர்களின் பிள்ளைகள்.

தொழிலாளரின் உடம்பில் எழுதிய வரலாறு

இந்த நோய்க்கும் தொழிலாளர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்கு நூற்றாண்டுக்கு முன் தூர தேசங்களில் இருந்து ஆள் பிடித்துக் கொண்டு வந்தார்கள். குடும்பத்தைப் பிரித்து, ஆண்களை மட்டும் பெரிய முகாம்களில் அடுக்கி வைத்தார்கள். நமது முன்னோர் மண்டபம் முகாமைத் தாண்டி வந்த காலமும் ஏறத்தாழ அதுதான். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களை நியூமோனியா கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஆள் இறப்பது கம்பனிக்கு நட்டம். ஆகவே 1911இல் சேர் அல்ம்ரொத் ரைட் என்ற வைத்திய விஞ்ஞானியை அழைத்து, அந்தத் தொழிலாளர்களுக்குத் தடுப்பூசி போட்டுப் பரிசோதித்தார்கள். அந்த ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பின்னர் ஸ்பென்சர் லிஸ்ரர் என்பவர் அதே தொழிலாளர்களை ஆராய்ந்து, கிருமியில் பல இனங்கள் உண்டென்று வகைப்படுத்தினார்.

1913இன் இறுதியில் வில்லியம் கோர்கஸ் என்ற அமெரிக்க வைத்தியரை ஆலோசனைக்கு அழைத்தார்கள். பனாமாக் கால்வாய் வெட்டிய இடத்தில் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். அங்கே நெருக்கமான பரக்குகளை விட்டுத் தொழிலாளர்கள் தனித்தனிக் குடிசைகளுக்குப் போனபின் நியூமோனியா குறைந்ததைக் கண்டவர். சுரங்க முதலாளிகளுக்கும் அவர் அதையே சொன்னார். ஆட்களை ஒரே இடத்தில் அடைக்காதீர்கள், குடும்பத்தோடு பரவலாக இருக்க விடுங்கள் என்றார். முகாம் முறையை முதலாளிகள் கைவிடவில்லை. அது பல பத்தாண்டுகள் நீடித்தது.

1970களில் அதே தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் றொபேட் ஒஸ்ரியன் என்ற விஞ்ஞானி தனது புதிய ஊசியைப் பரிசோதித்தார். அது பலன் தந்தது. 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது பெரியவர்களுக்கான ஊசி. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடம்பு அந்தச் சீனி உறையைத் தனியாகக் காட்டினால் அடையாளம் பிடிக்காது. உறையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால்தான் பிடிக்கும். அப்படி இணைத்துச் செய்த குழந்தைகளுக்கான ஊசி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நெருக்கமான குடியிருப்பு நியூமோனியாவை வளர்க்கும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே முதலாளிகளுக்குச் சொல்லப்பட்ட விடயம். லயத்தை மாற்று என்று நாம் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. இரண்டாவது, தொழிலாளரின் உடம்பில் பரிசோதித்துப் பெற்ற அறிவு, தொழிலாளரின் பிள்ளைக்கு வந்து சேரக் கடைசியாகத்தான் வருகிறது. கேட்டால் மட்டுமே வருகிறது.

லயமும் அடுப்பும் பிள்ளைக் காம்பராவும்

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறது. மழை பெய்தால் கதவும் சாத்தியிருக்கும், ஜன்னலும் சாத்தியிருக்கும். ஒரு பிள்ளை இருமினால் எல்லோரும் அந்தக் காற்றைத்தான் இழுக்க வேண்டும். வவுணதீவில் ஓலைக்கும் தகரத்துக்கும் கீழே உள்ள ஒற்றை அறை வீடுகளிலும் இதே நிலைதான். அதற்குமேல் விறகுப் புகை. வீட்டுக்குள் விறகுப் புகையில் வளரும் பிள்ளைக்கு நியூமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. புகை பிள்ளையின் மூச்சுக் குழாயின் இயல்பான காவலைக் கெடுத்துவிடுகிறது. மூக்கில் சும்மா இருந்த கிருமிக்கு உள்ளே போக வழி திறக்கிறது.

பிள்ளைக் காம்பராவையும் பார்க்க வேண்டும். நமது பெண்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் பிரசவ லீவு 84 நாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது தாய் மலைக்குப் போகிறாள், பிள்ளை காம்பராவுக்குப் போகிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது பெற்ற எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கும் காலமும் அதுதான். இருபது பிள்ளைகளின் மூக்கில் உள்ள கிருமி ஒரு கைக்குழந்தையிடம் வந்து சேரும் இடமும் அதுதான். இதற்காகப் பிள்ளைக் காம்பராவை மூடச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் தாய் வேலைக்குப் போக முடியாது. அங்கே காற்றோட்டம் வேண்டும், கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும், கைக்குழந்தைகளுக்குத் தனி இடம் வேண்டும், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் வேண்டும்.

தாய்ப்பால் பெரிய காவல். ஆறு மாதம் வரை வேறு எதுவும் வேண்டாம் என்று கிளினிக்கில் மிஸ்ஸி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். பாலூட்ட நேரம் யார் தருகிறார்கள்? ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை என்பது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கங்காணியிடம் கெஞ்சிப் பெறும் சலுகை அல்ல. எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்? தெரிந்தாலும், கிலோ குறைந்தால் பேர் குறையும் என்ற பயத்தில் எத்தனை பேர் கேட்காமல் விடுகிறார்கள்? தோட்டக் கமிட்டிகள் இதை முதலில் கையில் எடுக்க வேண்டும்.

தடுப்பூசி: நீலகிரிக்கு உண்டு, நுவரெலியாவுக்கு இல்லை

தடுப்பூசி விடயத்தில் நமது நாடு தலை நிமிர்ந்து நிற்கும் நாடு. போலியோவின் கடைசி நோயாளி 1993இல் பதிவானார். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. நியூமோனியாவைத் தரும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து 2008இல் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்ந்து வந்தது. அந்த வருடம் சில பிள்ளைகளின் மரணத்தால் சந்தேகம் எழுந்து அதை நிறுத்தினார்கள். ஆராய்ந்து பார்த்து 2010இல் மறுபடியும் தொடங்கினார்கள். இன்று 2, 4, 6 மாதங்களில் நமது பிள்ளைகளுக்குப் போடப்படுவது அதுதான்.

போர்க்காலத்தையும் நினைத்துப் பாருங்கள். வலையிறவுப் பாலத்துக்கு இக்கரையில் ஒரு ஆட்சி, அக்கரையில் ஒரு ஆட்சி என்று இருந்த நாட்கள். வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறித்தான் படுவான்கரைச் சனம் நகரத்து வைத்தியசாலைக்குப் போனது. அந்தக் காலத்திலும், 1995இல் தொடங்கிய தேசிய போலியோ தடுப்பு நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியை நிறுத்தி வைத்தன. துளி மருந்துப் பெட்டி முன்னரங்கைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போனது. போரின் நடுவில் அது முடிந்தது என்றால், முடியாது என்று இன்று எவரும் நமக்குச் சொல்ல முடியாது.

ஆனால் நியூமோகொக்கஸ் தடுப்பூசி 2024 வரை நமது தேசிய அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. காசு கொடுத்தால் தனியார் வைத்தியசாலைகளில் போடலாம். ஒரு தவணைக்கே பல நாள் சம்பளம் போகும். பிள்ளைக்கு ஒரு தவணை போதாது. கொழும்பில் வசதியானவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் காவல், கொழுந்தெடுப்பவரின் பிள்ளைக்கும் வவுணதீவுக் கூலியாளின் பிள்ளைக்கும் இல்லை. அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் இல்லை.

உலகில் 150க்கு மேற்பட்ட நாடுகள் இதை இலவசமாகப் போடுகின்றன. பாகிஸ்தான் 2012இல் தொடங்கியது. நேபாளமும் பங்களாதேசமும் 2015இல் தொடங்கின. இந்தியா 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் விரித்தது. தமிழ்நாட்டுக்கு வந்தது 2021 ஜூலையில். ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்து போய்க் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய நம் சொந்தங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களின் பேரப்பிள்ளைக்கு இந்த ஊசி இலவசம். ஒரே லயத்தில் இருந்து பிரிந்த இரண்டு சகோதரர்களின் வாரிசுகளில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை.

பலன் தருமா என்று கேட்பவர்களுக்குக் கம்பியாவின் அனுபவம் பதில் சொல்லும். மேற்காபிரிக்காவின் வறிய நாடான அங்கே நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. ஊசி போட்ட பிள்ளைகளில் எக்ஸ்ரேயில் தெரியும் நியூமோனியா 37 வீதம் குறைந்தது. எல்லாக் காரணங்களாலும் வரும் பிள்ளை மரணம் 16 வீதம் குறைந்தது. கிராமத்துப் பிள்ளைகளிடம் கிடைத்த பலன் இது.

சங்கத்துக்காரருக்கு இதில் எளிதில் விளங்கும் இன்னொரு விடயம் உண்டு. ஊசி போட்ட பிள்ளையின் மூக்கில் அந்த இனக் கிருமிகள் குடியேறுவது குறைகிறது. ஆகவே அந்தப் பிள்ளையிடம் இருந்து பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் பரவுவதும் குறைகிறது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் தடுக்கப்பட்ட நோயாளர்களைவிட, ஊசி போடாதவர்களில் தடுக்கப்பட்டவர்களே அதிகம். ஒரு தோட்டத்தில் நாலு பேர் மட்டும் சந்தா கட்டினால் சங்கம் நிற்காது. பெரும்பான்மை சேர்ந்தால் சேராதவரையும் அது காக்கும். இந்த ஊசியும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் சீட்டுப் பிடித்து, கடன் வாங்கித் தன் பிள்ளைக்கு மட்டும் போடுவது இதற்கு வழியாகாது. தேசிய அட்டவணையில் சேர்த்து எல்லாப் பிள்ளைக்கும் போட வேண்டும்.

அரசாங்கம் சொல்லக்கூடிய காரணங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். முதலாவது, பணம். வறிய நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் 'கவி' என்ற சர்வதேச அமைப்பின் உதவி நமக்கு 2015இன் இறுதியோடு முடிந்தது. நாட்டின் வருமானம் உயர்ந்துவிட்டது என்பது காரணம். நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்தபோது லயத்தின் வருமானம் எவ்வளவு உயர்ந்தது என்று நாம் கேட்க வேண்டும். இருந்தாலும் நிலைமை மாறியிருக்கிறது. இந்தியாவின் சீரம் நிறுவனம் செய்த ஊசிக்கு 2019இன் இறுதியில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் கிடைத்தது. வறிய நாடுகளுக்கு ஒரு தவணை ஏறத்தாழ 2 டொலருக்குக் கொடுக்கும் விலைக்கு அது வந்தது. நமக்கு அதே விலை கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலை பேச இடம் உண்டு. உதவி முடிந்த நாடுகள் இந்த ஊசியைத் தொடங்குவதற்குக் கைகொடுக்கும் தனித் திட்டமும் அந்த அமைப்பிடம் இருக்கிறது.

இரண்டாவது, நமது நாட்டில் இந்த நோய் அவ்வளவு இல்லை என்ற வாதம். பிள்ளை மரணம் இங்கே அயல் நாடுகளைவிடக் குறைவு என்பது உண்மை, அது நமது இலவச வைத்தியத்தின் பெருமை. ஆனால் நியூமோகொக்கஸைத் தேடிப் பார்க்கும் வேலை 2005 முதல் நடந்தது கொழும்பு றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில். கொழும்பு வார்டில் எண்ணும் கணக்கில், மலையை விட்டு இறங்க வாகனம் கிடைக்காத பிள்ளை வராது. உன்னிச்சைக் குளத்தின் வான் கதவு திறந்து வீதி மறிபட்ட நாளில் வாவிக்கு அக்கரையில் கிடந்த பிள்ளையும் வராது. மேலும், இரத்தம் எடுக்குமுன் அன்டிபயோட்டிக் கொடுத்துவிட்டால் ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமி பெரும்பாலும் வளராது. வளராததால் இல்லை என்று எழுதப்படும். கணக்கில் விழாத பிள்ளை நோயில் விழாத பிள்ளை ஆகிவிடாது.

இதையும் சொல்ல வேண்டும். இந்த ஊசி எல்லா நியூமோனியாவையும் தடுக்காது. எல்லா இனங்களையும்கூடத் தடுக்காது. ஊசி வந்தால் லயத்தை அப்படியே விடலாம் என்று கம்பனிகள் நினைக்கக் கூடாது. வீடும் வேண்டும், ஊசியும் வேண்டும்.

தாய்மார் இன்றே செய்யக்கூடியவை

ஊசி வரும் வரை பிள்ளை காத்திருக்காது. சளி பிடித்த பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஃபோனில் மணியைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை: 60 அல்லது அதற்கு மேல்.
2 முதல் 11 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவுக்கு மூச்சு ஓடினால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே வைத்தியசாலைதான்.

பெனடோல் காய்ச்சலைக் குறைக்கும், நியூமோனியாவைக் குணமாக்காது. போன முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்தைக் கடன் வாங்காதீர்கள். வைத்தியர் தந்ததை, பிள்ளை தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். பல மருந்துகளுக்கு அடங்காத நியூமோகொக்கஸ் 1977இலேயே தென்னாபிரிக்க வைத்தியசாலைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அரைகுறையாகக் கொடுக்கும் மருந்து அப்படிப்பட்ட கிருமியைத்தான் வளர்க்கும். இருக்கிற தடுப்பூசிகளை ஒன்றும் தவறவிடாதீர்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். அடுப்பை எரிக்கும்போது கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அப்பாமாரே, தாத்தாமாரே, சுருட்டையும் பீடியையும் வீட்டுக்கு வெளியே கொண்டு போங்கள்.

நமது கோரிக்கைகள்

1. நியூமோகொக்கஸ் தடுப்பூசியைத் தேசிய அட்டவணையில் சேர்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போட வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால், தோட்டப் பகுதிகளிலும் படுவான்கரை போன்ற கஷ்டப் பிரதேசங்களிலும் முதலில் தொடங்கி, நாடு முழுவதற்கும் விரிக்கத் திகதி சொல்ல வேண்டும்.

2. மலையகத்திலும் கிழக்கிலும் பெரிய வைத்தியசாலைகளில் பிள்ளைகளின் நியூமோனியாவையும் மூளைச் சவ்வு நோயையும் முறையாக ஆராய்ந்து பதிய வேண்டும். அந்தக் கணக்கைப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

3. பிள்ளையைக் கிளினிக்குக்கோ வைத்தியசாலைக்கோ கொண்டு போகும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப் பேர் போட வேண்டும்.

4. பாலூட்டும் இடைவேளையை எல்லாத் தோட்டங்களிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். பிள்ளைக் காம்பராக்களைக் காற்றோட்டம், தண்ணீர், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் என்ற மூன்றோடும் திருத்த வேண்டும்.

5. லயங்களுக்குப் பதிலாகக் காணி உரிமையோடு தனி வீடு வேண்டும். அதுவரை ஒவ்வொரு காம்பரா அடுப்புக்கும் புகைபோக்கி வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைக் கடிதமாக எழுதிச் சுகாதார அமைச்சுக்கும் கம்பனிகளுக்கும் அனுப்புவது தலைமையகத்தின் வேலை. தோட்டக் கமிட்டிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் மாதர் தலைவிகள் ஒரு கொப்பியைத் திறக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் டிவிசனில் ஐந்து வயதுக்குட்பட்ட எத்தனை பிள்ளைகள் நெஞ்சுச் சளியால் வார்டில் கிடந்தார்கள், எத்தனை நாள், தாய்க்கு எத்தனை பேர் போனது, வாகனத்துக்கு எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், வயது போதும். பெரிய பரீட்சை எழுதிய பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள், அவர்கள் எழுதித் தருவார்கள். வவுணதீவிலும் அயல் கிராமங்களிலும் இருக்கும் நம் உறவுகளும் இதைச் செய்து அனுப்பலாம்.

நமது பிள்ளைகளின் கணக்கை இதுவரை வேறு யாரும் முழுதாக எடுக்கவில்லை. அதை நாமே எடுத்து, மேசையில் வைத்துப் பேசுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்